வன்னியில் சுகாதாரப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு

அன்பான சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்,

என் தம்பி சாதாரண தரம் படித்த வருடம், கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஓர் ஆசிரியர் அவனை எழுப்பி, "ஆம்பிளை மாதிரி நடந்து காட்டு" என்றார். வகுப்பே சிரித்தது. அவன் பரீட்சைக்கும் போகவில்லை. இன்று அவள் எனக்குத் தங்கச்சி, அவளைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பால் வேறு, பால்நிலை வேறு. கருத்தரங்குகளில் 'பால்நிலை சமத்துவம்' என்று பதாகை கட்டுகிறோம், வகுப்பில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம்.

பால் என்பது உடலைப் பற்றியது: நிறமூர்த்தம், ஓமோன், இனப்பெருக்க உறுப்புகள். பெரும்பாலும் நிறமூர்த்தச் சோடி எக்ஸ்எக்ஸ் என்றால் பெண் உடல், எக்ஸ்வை என்றால் ஆண் உடல். ஆனால் அதுவும் எப்போதும் அப்படியே அமைவதில்லை, எக்ஸ்வை இருந்தும் உடல் ஆண் ஓமோனை ஏற்காததால் பெண் உடலாகவே வளர்கிறவர்கள் இருக்கிறார்கள். உடல் வேறுபாடு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வைத்தியம் பார்க்கிற டொக்டருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

பால்நிலை என்பது, இந்த உடம்புக்கு இதுதான் வேலை, இதுதான் உடுப்பு, இதுதான் நடை என்று ஊர் வகுத்து வைத்திருப்பது. ஒருவர் தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பதும் அதோடு சேர்ந்தது. இதை விளங்கப்படுத்த வெளியூர் உதாரணம் எதற்கு? 2009க்குப் பிறகு எங்கள் ஊர்களில் எத்தனை பெண்கள் தனியாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள், கண்ணிவெடி அகற்றப் போனார்கள். என் அம்மா லாண்ட்மாஸ்டர் பிடித்து உழுதார், இரவில் டோர்ச்சோடு போய் வயலுக்குத் தண்ணீர் கட்டினார். அவருடைய நிறமூர்த்தம் மாறவில்லை, ஊர் 'பொம்பிளை வேலை' என்று சொன்னதுதான் மாறியது. சரி, அதை ஏற்றுக்கொண்ட ஊருக்கு என் தங்கச்சியின் நடை மட்டும் ஏன் கண்ணில் குத்துகிறது?

ஆண் உடலோடு பிறந்தவர் தன்னைப் பெண்ணாக உணர்வது ஒரு வருத்தம் என்று சொல்லி, அவளைக் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னவர்களும் உங்களில் இருந்தார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இது மனநோய்களின் பட்டியலில் இல்லை. எங்கள் நாட்டில் 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் இருக்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் மனநல வைத்திய நிபுணரிடம் அதைப் பெற்று, பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்றலாம். இதைத் தங்கச்சி பாடசாலையில் அறியவில்லை, வீட்டை விட்டுப் போன பிறகு யாரோ சொல்லித்தான் அறிந்தாள்.

ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். இரண்டு சொற்களையும் கரும்பலகையில் தனித்தனியாக எழுதி, பிள்ளைகள் கேட்பதற்குச் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் எழுப்பி நிறுத்தாதீர்கள்.

தங்கச்சி இந்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதப் போகிறாள். மண்டபத்தில் உங்களில் யாராவது மேற்பார்வைக்கு நிற்பீர்கள். அட்டையில் இருக்கிற பெயரைச் சொல்லியே அவளைக் கூப்பிடுங்கள்.

அவளின் அக்கா