செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2023 முதல் மார்ச் 2024 வரை

தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். போன வருடம் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) சேராமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, அப்புறம் இருந்தவர்களை வைத்தே பொதுக்குழுவை நடத்தினோம். இந்த முறையும் 30 பேருக்குத்தான் டீ சொல்லியிருக்கிறேன். கூடுதலாக வந்தால் என் பங்கை விட்டுத்தருகிறேன்.

நிர்வாகக் குழு 9 முறை கூடியது. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடியேற்றினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. மார்கழிக் கோலப் போட்டி நடந்தது. நடுவர் தீர்ப்பைப் பற்றி வந்த இரண்டு புகார்களும் கோப்பில் உள்ளன. மிக்ஜாம் புயலின்போது மூன்று நாள் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தோம். தெருவிளக்குக்கும் கால்வாய் தூர் வாரவும் மனு கொடுத்தோம். தெருவிளக்கு எரிகிறது.

இனி வகுப்பறை வாசிப்புத் திட்டம். இதற்கு மட்டும் ஏன் இத்தனை பக்கம் என்று பொருளாளர் கேட்டார். பணம் போன இடத்தைத்தானே விளக்க வேண்டும்?

2022-இல் நம் பகுதிப் பள்ளிக்கு ஒரு பீரோவும் 200 புத்தகங்களும் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு வந்தோம். 2023 ஜூனில் போய்ப் பார்த்தேன். பீரோ பூட்டியபடியே இருந்தது. சாவி வைத்திருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை. பூட்டு உடைத்துத் திறந்தபோது உள்ளே இருந்தவை என்ன? நம் வீட்டுப் பரண்களிலிருந்து இறக்கிய போட்டித் தேர்வு வழிகாட்டிகள், ஜாதகப் புத்தகங்கள், பழைய டைரி இரண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று விதி வகுத்தார். அந்த விதியைச் சொல்லும் புத்தகம் 1931-இல் இதே ஊரில் வெளியானது. நூலகர் தினமான ஆகஸ்ட் 12-இல் அவர் படத்துக்கு மாலை போடுகிற நாம் 13 வயதுப் பையனுக்கு ஜாதகப் புத்தகம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் வாரம் ஒரு நூலக வகுப்பு கேட்டோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை கிடைத்தது. முதல் எட்டு வெள்ளியில் மூன்றுதான் நடந்தன. மற்றவற்றைக் கணக்கு ஸ்பெஷல் கிளாஸும் விளையாட்டுப் போட்டி ஒத்திகையும் எடுத்துக்கொண்டன. வாரம் ஒருமுறை வருவது பழக்கமாகாது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. 8, 9 வகுப்புகளில் தமிழ்ப் பாடவேளையின் முதல் 15 நிமிடத்தைத் திங்கள் முதல் வியாழன் வரை கேட்டோம். "போர்ஷனை யார் சார் முடிப்பாங்க?" என்று தமிழம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 40 நிமிடத்தில் 15 போனால் யாருக்கும் வலிக்கும். ஒரு மாதம் பார்க்கலாம் என்று சம்மதித்தார்.

முதல் வாரம் புத்தகம் கொடுத்து வாங்கவே 7 நிமிடம் போனது. கோயம்பேட்டிலிருந்து தக்காளி டிரே நான்கு வாங்கி வந்தேன். மணி அடிக்கும் முன்பே இரண்டு பிள்ளைகள் டிரேயைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. அந்த 7 நிமிடம் மிச்சமானது. இந்தத் திட்டத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று என் மனைவி சொல்கிறாள்.

பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பத்துப் பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். கேள்வி பதில் கிடையாது, சுருக்கம் எழுதச் சொல்லக் கூடாது. நோட்டில் தேதியும் பக்க எண்ணும் மட்டும். ஆசிரியரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த நேரத்தில் பேப்பர் திருத்தக் கூடாது. இந்தக் கடைசி ஏற்பாட்டைக் காப்பாற்றுவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

9-ஆம் வகுப்பில் ஒரு பையன் நான்கு நாளும் 12-ஆம் பக்கத்திலேயே இருந்தான். சோம்பேறி என்று நினைத்தேன். தமிழம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டபோதுதான், அவன் இன்னமும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான் என்று தெரிந்தது. மெல்லிய புத்தகம் எடுத்தால் மற்றவர்கள் பார்ப்பார்களே என்று தடிப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். இதற்கு நானும் ஒரு காரணம். எளிய புத்தகங்களின் முதுகில் பச்சைப் புள்ளி ஒட்டலாம் என்று யோசனை சொன்னவன் நான். ஒரே வாரத்தில் 'பச்சைப் புள்ளி' பட்டப்பெயராகிவிட்டது. புள்ளிகளைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அப்புறம் மெல்லிய கதைகளைக் காமிக்ஸ், அறிவியல் இதழ்களோடு ஒரே டிரேயில் கலந்து வைத்தோம். முதல் ரேங்க் பிள்ளைகளே காமிக்ஸுக்குப் பாய்ந்ததும் அந்த டிரேக்கு மரியாதை வந்துவிட்டது. பையன் இப்போது அதிலிருந்துதான் எடுக்கிறான்.

செப்டம்பர் குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், சும்மா உட்கார்ந்து படித்தால் மார்க் ஏறுமா என்று கேட்டார். அன்று பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடினேன். 1960-களில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் லைமன் ஹன்ட் என்ற பேராசிரியர் இந்த மௌன வாசிப்பை முன்வைத்திருக்கிறார். 2000-இல் அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழு, மௌன வாசிப்பு தனியாகவே வாசிப்புத் திறனைக் கூட்டிவிடும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதியது. பயனில்லை என்று அது சொல்லவில்லை. இதை மறைக்காமல் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். கேட்டவர் அன்று வரவில்லை. ஆனால் அவர் கேள்வியால் ஒரு நன்மை நடந்தது. தினமும் இரண்டு பிள்ளைகளிடம் ஆளுக்கு இரண்டு நிமிடம் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்று தமிழம்மா ஆரம்பித்தார். "எதுக்கு இதை எடுத்தே?" அவ்வளவுதான் கேள்வி. பொய்யாகப் பக்கம் புரட்டுவது அதற்குப் பின் பெருமளவு குறைந்தது.

டிசம்பர் மழையில் பீரோவின் அடித்தட்டு நனைந்தது. 41 புத்தகங்களை என் மொட்டை மாடியில் காயவைத்தேன். வடாம் போல உப்பி நிற்கின்றன, ஆனாலும் படிக்கலாம். பள்ளி விடுமுறை, தள்ளிப்போன அரையாண்டுத் தேர்வு, பொங்கல் என்று ஆறு வாரம் வாசிப்பு நின்றது. நான் ரயில்வேயில் இருந்தவன். ஓடுகிற வண்டியை ஓட்டுவதைவிட நின்ற வண்டியைக் கிளப்பத்தான் அதிக இழுவை வேண்டும். ஜனவரி கடைசியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

பொங்கலையொட்டி ஆறு பிள்ளைகளை நந்தனம் புத்தகக் காட்சிக்கு மாநகரப் பேருந்தில் அழைத்துப்போனேன். ஆளுக்கு 200 ரூபாய், 10 சதவீதத் தள்ளுபடி வேறு. பேய்க் கதை, கிரிக்கெட், பறவைகள் என்று வாங்கினார்கள். ஒரு பெண் சமையல் குறிப்புப் புத்தகம் வாங்கினாள். இதெல்லாம் வாசிப்பா என்று குழுவில் முணுமுணுப்பு. வகுப்பில் அதிகம் கைமாறிய புத்தகம் அதுதான்.

மார்க் ஏறியதா என்றால், சொல்ல முடியாது. மார்ச்சில் ஒருநாள் ஆசிரியர் வரவில்லை. பிள்ளைகளே டிரேயை எடுத்து வைத்துப் படித்தார்கள். ஐந்து நிமிடம். அப்புறம் கத்த ஆரம்பித்தார்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. செவ்வாய்க்கிழமைகளில் வகுப்பில் உட்கார்ந்து கூடவே படிக்க ஜூலையில் 14 பேர் கையெழுத்துப் போட்டீர்கள். ஆகஸ்டில் 9 பேர், அக்டோபரில் 3 பேர். நவம்பரிலிருந்து நானும் இரண்டாவது தெரு அம்மா ஒருவரும்தான். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் மட்டும் 32 பேர். "சும்மா உட்காரத்தானே சார், அதுக்கு நான் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். சும்மா உட்காரத்தான் ஐயா ஆள் கிடைக்கவில்லை.

சந்தா விஷயமும் இப்படித்தான். ஆண்டுக்கு 300 ரூபாய். 142 உறுப்பினர்களில் கட்டியவர்கள் 61. கட்டாதவர்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். பட்டியல் என் பையில் இருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். துண்டு விழுந்த தொகையை ஒரு நலம்விரும்பி தற்காலிகமாகத் தந்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். வீட்டில் தெரிந்தால் சங்கடமாம். 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். தலைவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

தலைமையாசிரியர், தமிழம்மா, தணிக்கையாளர், பந்தல்காரர், டீக்கடைக்காரர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் 7-ஆம் வகுப்பையும் சேர்க்கச் சொல்லிப் பள்ளி கேட்கிறது. இன்னும் சரியென்று சொல்லவில்லை. எனக்கு 68 வயதாகிறது; முழங்கால் இரண்டாம் மாடி ஏற மறுக்கிறது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பீரோ சாவி ஒன்று பள்ளியில் இருக்கிறது, இன்னொன்று என் வீட்டில். தினமும் மாலை 6 முதல் 7 வரை நான் வீட்டில்தான் இருப்பேன். சந்தாவையும் அப்போதே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்