கணவரையும் அழையுங்கள், தந்தையே

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப்பேரவைப் பெரியவர்களுக்கும், இயேசுவுக்கே புகழ்!

சென்ற வாரம் பங்கு அலுவலகத்தில் நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. கணவர் அடித்து வீங்கிய முகத்தோடு வந்தவளிடம், "சிலுவையைச் சுமந்துகொள் மகளே, கல்யாணம் என்றால் தியாகம்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். அவள் கணவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்குத் தியாகத்தை யாரும் கற்றுத்தர வேண்டாம். விசைப்படகில் போன கணவரை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்று, அவர் அங்கே சிறையில் கிடந்த மாதங்களில் வீட்டைத் தாங்கியவள் அவள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுத்தாள். பாறை கிழித்த கையோடு கரையேறி, அதே கையால் உலை வைத்தாள். உப்பு பட்டு எரியும் புண்ணை ஆற விடாமல் மறுநாளும் இறங்கினாள். மாமியாரின் மருந்துக்காக அடகு வைத்த தோடு இன்னும் மீளவில்லை. 'இன்பத்திலும் துன்பத்திலும்' என்று பீடத்தின் முன் சொன்ன வாக்கை அவள் காப்பாற்றினாள். அதே வாக்கைத்தானே அவரும் சொன்னார்? படகு பறிபோனதும் கடன் கழுத்தை நெரிப்பதும் அவருக்குப் பெரிய துயரம், மறுக்கவில்லை. அந்தக் கடன் அவள் தலையிலும்தான் இருக்கிறது. அவள் யாரை அடித்தாள்?

திருமணப் பூசைகளில் பவுல் எழுதிய எபேசியர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தை வாசிக்கிறோம். மனைவியருக்கு அங்கே சொல்லப்பட்டவை சில வரிகள். கணவருக்குச் சொல்லப்பட்டவையோ அதைவிட நீளம்: கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல மனைவியை நேசிக்க வேண்டும் என்கிறார் பவுல். நம் மறையுரைகளில் முதல் பகுதி மட்டும் ஏன் உரத்து ஒலிக்கிறது?

ஓரியூருக்கு ஆண்டுதோறும் போகிறோம். 1693இல் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே ஏன் வெட்டுண்டார்? பல மனைவியர் இருந்த மறவர் குலத் தலைவர் தடியத்தேவர், அவரால் மனந்திரும்பித் திருமுழுக்குப் பெற்று, ஒரே மனைவியோடு வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அதில் மூண்ட கோபம்தான் புனிதரின் உயிரைக் குடித்தது. திருமணத்துக்காக மாறவேண்டியவன் ஆண் என்று அதிகாரம் உள்ளவரிடமே சொன்னவர் அவர். அவர் இரத்தம் சிந்திய மண்ணுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, ஒரு குடிகாரக் கணவரிடம் பேச நாம் தயங்குகிறோம். பேரவையில் அவருக்கு உறவினர்கள் இருப்பதும் ஊருக்குத் தெரியும்.

ஆகவே கேட்கிறேன்: கணவரையும் அழையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களும் விசைப்படகு ஆண்கள் கரையில்தான் இருப்பார்கள். கடலுக்குப் போய்விட்டார் என்ற சாக்கு அப்போது எடுபடாது. மணமான ஆண்களை உட்கார வைத்து அவர்கள் கொடுத்த வாக்கைப் பற்றிப் பேசுங்கள். திருமணத் தயாரிப்புப் பயிற்சியில் பெண்ணுக்குப் பொறுமையைச் சொல்லும் அதே நேரத்தை மாப்பிள்ளைக்கும் ஒதுக்குங்கள். அடிபட்டு வருகிறவளை அடித்தவரின் வீட்டுக்கே தனியாக அனுப்பாதீர்கள். காவல் நிலையத்துக்குப் போக வேண்டுமென்றால் பங்கிலிருந்து ஒருவர் துணைக்குப் போகட்டும்.

அவளுடைய கணவருக்குத் தடைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம், தந்தையே. இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை அழைத்துப் பேசுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பங்கு மகள் ஒருத்தி
பாம்பன் தீவு