நம் நீளப் பெட்டி

அன்பு பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டி வலி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி போன வாரம் உன்னோடு வீடியோவில் பேசினானாம். புது ஆபீஸ், புது வீடு எல்லாம் சொன்னான். உன் பின்னால் அலமாரி மேல் ட்ராம்போன் வாத்தியம் வைக்கிற நம் நீளப் பெட்டி இருந்ததாம், அதன் மேல் போர்வை மடித்து வைத்திருந்ததாம். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. ஆபீஸ் வேலை தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். வாடகை கட்ட வேண்டும், அது எனக்குத் தெரியாதா? நேரத்துக்குச் சாப்பிடு, அவ்வளவுதான்.

பரணை ஒழிக்கும்போது, காலேஜ் நாளில் நீ அமெரிக்க ஜாஸ் ட்ராம்போன் கலைஞர் மெல்பா லிஸ்டனைப் பற்றி எழுதிய நோட்டு கிடைத்தது. மூன்று தடவை படித்துவிட்டேன். 1926ல் கான்சாஸ் சிட்டியில் பிறந்தவர், ஏழு வயதில் அம்மா ட்ராம்போன் வாங்கிக் கொடுத்தார் என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். நீ ஊதத் தொடங்கியதும் அந்த வயதில்தான். கை எட்டாமல், இழுத்து நீட்டுகிற அந்த ஸ்லைடு நழுவி விழும் என்று நான் நூல் கட்டிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா?

1949ல் பாடகி பில்லி ஹாலிடேயோடு தென் மாநிலங்களுக்குப் போன பயணம் படுத்துவிட்டது, கூட்டமே வரவில்லை, மெல்பா மனம் வெறுத்து வாசிப்பதையே விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கல்வித் துறையில் குமாஸ்தா வேலைக்குப் போனார் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் உன் நோட்டு அங்கே முடியவில்லையே பாப்பா. 1956ல் அமெரிக்க அரசு வெளிநாட்டுக்கு அனுப்பிய ஜாஸ் குழுவுக்கு, அதன் தலைவர் டிஸ்ஸி கில்லெஸ்பி அவரைத்தான் கூப்பிட்டார். ஒரு பெண்ணைப் போய் கலிபோர்னியாவிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று குழுவில் சிலர் முணுமுணுத்தார்களாம். எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று மெல்பா எழுதிக்கொண்டு வந்த அரேஞ்மெண்டை எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார் கில்லெஸ்பி. அதை வாசிக்கப் போய், முணுமுணுத்தவர்கள் ஆரம்பத்திலேயே தடுமாறி நின்றுவிட்டார்கள்.

அந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை.

அன்றைக்கு மாப்பிள்ளை அழைப்பில் நானும் ஒரு பேண்டு செட்டுக்கு மாஸ்டராகத்தான் நின்றேன். உனக்குப் பதினான்கு வயது. "பொம்பளப் பிள்ளைய ஊத விட்டிருக்கீங்களே" என்று அந்தப் பெரியவர் கேட்டதும் உன் கையிலிருந்து ட்ராம்போனைப் பிடுங்கிச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாத பையனிடம் கொடுத்தேன். உன்னை வேனில் போய் உட்காரச் சொன்னேன். மவுத்பீஸில் உன் ஈரம்கூடக் காயவில்லை. மீதிக் கூலி வராமல் போய்விடுமோ என்ற பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், பிள்ளை களைத்துப்போனாள் என்று சொன்னேன். அவள் கண்ணை மூடும் வரை அதைத்தான் நம்பினாள். நீ என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்று வரை தெரியவில்லை. தப்பு என்னுடையது. இத்தனை வருடம் கழித்துக் காகிதத்தில்தான் சொல்ல முடிகிறது.

நீ நாலு ட்ராம்போனுக்கு எழுதி அனுப்பினாயே, அதை நம் செட்டில் மூன்று பேரை வைத்து வாசித்துப் பார்த்தோம். நாலாவது குரலை நான் வாயால் பாடினேன். இரண்டாவது ட்ராம்போன் மட்டும் இறங்காமல் ஒரே சுரத்தில் நிற்க, மற்றவை அதன் அடியில் நகர்ந்து போகிற இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருடமாக ஊதுகிறேன், அப்படி ஒரு இடம் எனக்குத் தோன்றியதே இல்லை. ஏன் அதற்கப்புறம் ஒன்றும் அனுப்பவில்லை? சரி, வேலை இருந்திருக்கும்.

மெல்பா பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனுக்காக எத்தனை வருடம் அரேஞ்மெண்ட் எழுதினார், மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்கும் எழுதினார், ஜமைக்காவில் போய்ப் பாடம் நடத்தினார். 1985ல் பக்கவாதம் வந்து ஊத முடியாமல் போன பிறகும் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டே இருந்தார். இதெல்லாம் நீ எழுதியதுதான், உனக்கே நான் சொல்கிறேன். உனக்குக் கை கால் நன்றாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை மோர்மிளகாய் போட்டிருக்கிறாள், பார்சலில் வரும். கூடவே அந்த நோட்டையும் வைத்திருக்கிறேன்.

ரொம்ப நாள் மூடியே கிடந்தால் ஸ்லைடு பிடித்துக்கொள்ளும். பலம் போட்டு இழுக்காதே, வளைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுவிடு. அப்படியும் வரவில்லை என்றால் எனக்குப் போன் செய். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்
அப்பா