குமரி மாவட்டப் பெட்ரோல் பங்க் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு வணக்கம்.

கைபேசிக்குத் தடை என்று எல்லாப் பங்க்குகளிலும் எழுதி வைத்திருக்கிறீர்கள். பணம் செலுத்தும் கியூஆர் அட்டையோ பல இடங்களில் பம்பிலேயே ஒட்டியிருக்கிறது. கைபேசி அலையால் பங்க்கில் தீப்பிடித்ததாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் விதி விதிதான். அட்டையைத் தள்ளி ஒரு மேசைக்கு மாற்றிவிடுங்கள். என் கவலை வேறு.

டேங்க் நிரம்பியதும் நாசில் 'டக்'கென்று தானாக நின்றுவிடுகிறது. நுனியிலுள்ள சிறு துளையைப் பெட்ரோல் எட்டியவுடன் நிற்கும்படி செய்த அமைப்பு அது. அதோடு விட வேண்டும். ஆனால் 1,962 ரூபாயில் நிற்பதை 2,000 ஆக்கச் சொல்கிறார் கார்க்காரர். ஊழியர் நாசிலைப் பாதி வெளியே இழுத்து, விட்டுவிட்டு அழுத்துகிறார். பெட்ரோல் நுரைத்து வாய்வரை வந்து, காரின் பக்கவாட்டில் வழிந்து, பின்சக்கரத்தருகே சொட்டுகிறது. பைக் என்றால் நேராகச் சூடான இன்ஜின் மேல்தான்.

மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள் பெட்ரோல். நாகர்கோவில் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு படரும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்ற ஒரு பொறி போதும். விலை குறைவு என்று கேரள வண்டிகளும் வரும் களியக்காவிளைப் பக்கத்து வரிசைகளில், பின்னால் நிற்பவர் இன்ஜினை அணைப்பதே இல்லை. நிரப்பும் வண்டியை மட்டும் அணைக்கச் சொன்னால் போதுமா?

அடுத்தது கேன். வள்ளத்து இன்ஜினைக் கிளப்பவும், ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பெட்ரோல் வேண்டும்; அந்தத் தேவை நியாயமானது. ஆனால் கேனை ஆட்டோவிலோ கார் டிக்கியிலோ வைத்தபடியே நிரப்புவது ஆபத்து. பாயும் பெட்ரோலில் நிலைமின்சாரம் சேரும். அது இறங்க வழி வேண்டும். நம் கடற்காற்றின் ஈரம் அதைக் குறைக்கும், ஒழிக்காது. உரிய உலோகக் கேனைத் தரையில் வைத்து, நாசில் அதன் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்பச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நிரப்பும்போது தீப்பிடித்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது நாசிலை வெளியே இழுப்பதுதான். இழுத்தால் பெட்ரோல் சிதறி, தீ ஆள்மேலேயே பாயும். நாசிலை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்த வேண்டும். இரவுப் பணியில் தனியாக நிற்கும் பையனுக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? உலர்தூள் தீயணைப்பானை அவன் ஒருமுறையாவது கையில் பிடித்து இயக்கியிருக்கிறானா? இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.

"இனி ஒரு சொட்டும் விட மாட்டேன்" என்று அவன் மறுத்து, அதற்காக வாடிக்கையாளர் அவனைத் திட்டினால், நீங்கள் அவன் பக்கம் நில்லுங்கள்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்