பெயரைவிட நம்பர் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பட்டாளத்துக்குப் போய்க் கடல் கடந்து இறந்த இளைஞர் ஒருவரின் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அவர் பெயரை, இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களைப் பதிந்து வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தட்டிப் பார்த்து, இல்லை என்று வந்ததும் விட்டுவிடுகிறார்கள். பல சமயம் பெயர் இருக்கும், தேடும் விதம்தான் தப்பு.

நம் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர். பட்டியலில் அது குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஏறியிருக்கும். முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள், இனிஷியலும் போடாதீர்கள். முத்துசாமி என்பதை அந்தக் காலக் குமாஸ்தா ஆங்கிலத்தில் எச் சேர்த்தும் சேர்க்காமலும், முடிவில் ஐ என்றும் ஒய் என்றும் தன் காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பார். அதனால் படைப்பிரிவையும், பட்டாளத்தில் அவருக்குக் கொடுத்த சர்வீஸ் நம்பரையும் முதலில் பிடிக்க வேண்டும். தகப்பனார், மனைவி, ஊர், ஜில்லா விவரம் சில பதிவுகளில் உண்டு. அதை வைத்து ஆளை உறுதி செய்யலாம். ஜில்லா பழைய பெயரில்தான் இருக்கும்: வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம்.

நம்பர் எங்கே கிடைக்கும்? முதல் உலகப் போர்ப் பதக்கம் என்றால் அதன் விளிம்பில். நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் அங்கே பொடி எழுத்தில் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். தயவுசெய்து பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தேய்த்தே எழுத்து மழுங்கிப்போன பதக்கங்கள் உண்டு. இறந்தவர் வீட்டுக்கு வந்த, உள்ளங்கையை நிறைக்கும் வெண்கலத் தட்டில் பெயர் மட்டுமே இருக்கும், நம்பர் இருக்காது. பதக்கம் அடகுக் கடைக்குப் போய்விட்டதென்றால் விதவையின் பென்ஷன் காகிதத்தைத் தேடிப் பாருங்கள்.

அடுத்த சிக்கல் படைப்பிரிவின் பெயர். நம் ஊர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவுக்கு முதல் உலகப் போரின்போது அந்தப் பெயரே கிடையாது, ‘2-வது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்’ என்றுதான் இருந்தது. மெட்ராஸ் என்று தேடினால் 1914-18 காலத்து ஆட்கள் அகப்படாதது இதனால்தான்.

கல்லறை இல்லை என்றால் உடல் கிடைக்கவில்லை என்று பொருளல்ல. இந்து வீரர்களை எரித்திருப்பார்கள், பெயர் நினைவுச் சின்னத்தில் இருக்கும். பர்மா என்றால் ரங்கூனுக்கு வெளியே தாக்யான், சிங்கப்பூர் என்றால் கிராஞ்சி. இராக்கில் உள்ள பஸ்ரா கதை வேறு. அங்கே சுவரில் இந்தியப் படைப்பிரிவுகளைப் பொறுத்தவரை அதிகாரிகளின் பெயர்களை மட்டும் பொறித்து, இந்தியச் சிப்பாய்களை வெறும் எண்ணிக்கையாக்கிவிட்டார்கள். பெயர்கள் தனிப் பதிவேட்டில் இருக்கின்றன. இப்படிப் பாகுபாடு காட்டியதை ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ள நூறு வருஷம் ஆனது!

தேதியும் முக்கியம். முதல் போருக்கு 31-8-1921 வரையிலும் இரண்டாம் போருக்கு 31-12-1947 வரையிலும் நேர்ந்த சாவுகளே கணக்கில் வரும். பதிவில் பிழை இருந்தால் ஆணையத்துக்கு எழுதலாம். ஆனால் பாட்டி சொன்னது போதாது, அந்தக் காலத்து எழுத்துச் சான்று வேண்டும்.

“பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க” என்று வீட்டில் சொல்வதையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். இரண்டு போரிலும் இந்தியருக்குச் சட்டப்படி கட்டாயப் பட்டாளம் கிடையாது. ஆள் சேர்ப்பவர்களின் நெருக்கடியும் வீட்டு வறுமையும் வேறு விஷயம். நிஜமாகவே பிடித்துப் போனது மலாயாத் தோட்டத் தமிழர்களை. ஜப்பானியர்கள் அவர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். அவர்கள் சிப்பாய்கள் அல்லர் என்பதால் இந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை.

போர் நினைவு நாளில் வாசகர்கள் அனுப்பும் படங்களைத் தாங்கள் வெளியிடும்போது பெயருக்குக் கீழே நம்பரும் படைப்பிரிவும் அச்சாகட்டும். அதே பிரிவில் ஆளை இழந்த இன்னொரு குடும்பம் அதைப் பார்த்துத் தொடர்புகொள்ள வழி கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.