சேற்றில் என்ன இருக்கிறது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது பொடி எழுத்தும் தெரிகிறது.

"கடலோரச் சதுப்பை மீட்கிற வேலையாம், படித்த பெண் சேற்றில் இறங்கி என்ன செய்யப்போகிறாள்?" என்று கேட்டிருந்தாய். அவள் செய்யப்போவது பெரிய வேலை.

கடலோரச் சதுப்பில் வளரும் அலையாத்திக் காடு புயல் அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பது உனக்கே தெரியும். ஆனால் புயல் என்றோ ஒரு நாள்தான் வரும். மற்ற நாள்களில் சதுப்பு செய்யும் வேலைதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. இறால், நண்டு, எத்தனையோ மீன்களின் குஞ்சுகள் எல்லாம் வேரிடுக்கில் ஒளிந்து வளர்ந்துதான் கடலுக்குப் போகின்றன. சதுப்பு அழிந்தால் தொலைவில் வலை வீசுகிறவருக்கும் மீன்பாடு குறையும்.

அழிந்ததை மீட்க முடியுமா என்று நீ கேட்கலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா கரையோரக் கழிகளில் 1930-களில் நோயும் புயலும் சேர்ந்து, நீருக்கடியில் வளரும் கடற்புல்லை அழித்துவிட்டன. 1999-லிருந்து அங்கே 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவினார்கள். புல் தானாகவே பரவி சுமார் 3,600 ஹெக்டேரை மூடிவிட்டது. தண்ணீர் தெளிந்தது, மீன்கள் பெருகின. அந்தப் பகுதியில் இல்லாமல் போயிருந்த ஒருவகைச் சிப்பியைக்கூட மறுபடி அங்கே வாழவைக்க முடிந்தது. படித்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அப்புறம் கார்பன். ஈரச் சேற்றில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் இலையும் வேரும் எளிதில் மட்குவதில்லை. அவற்றிலுள்ள கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். கரை கட்டி நீரை வடித்தால் மண் காய்ந்து, அந்தக் கார்பன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியமில வாயுவாகக் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும். கடல்நீரைத் திரும்ப உள்ளே விட்டால் அந்தக் கசிவு நிற்கும், புதிதாகவும் சேரத் தொடங்கும். உப்புநீர் என்பதால் நன்னீர்ச் சதுப்பைப் போல, பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான மீத்தேனும் அதிகம் வராது.

ஒன்று மட்டும் எனக்குக் கவலை. பல இடங்களில் எப்போதும் நீர் நிற்கும் சேற்றுத்திட்டில் நாற்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த நாற்று மூச்சுமுட்டிச் சாகும். கடல் ஓதம் ஏறி இறங்க வழி திறந்துவிட்டால், பக்கத்தில் தாய்மரங்கள் இருக்கும்பட்சத்தில், விதை தானே மிதந்து வந்து முளைக்கும். உன் மகளோடு வேலை செய்கிறவர்கள் முதலில் எதைச் செய்யப்போகிறார்கள், நாற்று நடுவதா, நீர்வழியைத் திறப்பதா? மகளிடம் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்