அந்தக் கப்பல் வராதிருந்தால்

பொறையார்,
வியாழக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கோபன்ஹேகனில் உன்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "1845இல் நாங்கள் தரங்கம்பாடியை விற்காமல் இருந்திருந்தால் அது இன்று எப்படி இருக்கும்?" என்று கேட்டதாக ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாய். எனக்கு அப்போது விடை சொல்ல வரவில்லை. இரண்டு நாள் மாலையில் டேனிஷ் கோட்டைக்கு எதிரே மணலில் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் கேள்வியையே சற்று மாற்ற வேண்டும் என்று தோன்றியது.

நம்மூரில் பலரும் இதற்கு ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள். நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வரும் காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, இன்று புதுச்சேரியின் ஒரு துண்டாக விளங்குவதைப் போல, தரங்கம்பாடியும் தனி ஆட்சிப் பகுதியாகி, மலிவான பெட்ரோலும் வேறு சில திரவங்களும் விற்கும் ஊராகியிருக்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் கொடுத்த டென்மார்க், 1850இல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்த தன் கோட்டைகளை விற்றது. 1868இல் நிக்கோபார் மீதான உரிமையையும் விட்டுக்கொடுத்தது. வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக விற்கத் தொடங்கிவிட்டவன் ஒரு பித்தளை அண்டாவை மட்டும் வைத்துக்கொள்வானா? சில ஆண்டுகள் பிந்தியிருக்கும், அவ்வளவுதான். அதற்குள் 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து இரயில் ஓடத் தொடங்கியிருக்கும். சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கும். நம் ஊருக்குக் கிளைப்பாதை வந்ததே 1926இல்தான். அது 1986இல் நின்றபோது, மாயவரம் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன் என்ற முறையில், இந்த இடத்தில் மட்டும் என் வாதத்தில் கொஞ்சம் மனத்தாங்கலும் கலந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே 1845ஐ விட்டுவிடு. ஊரின் விதி புரண்டிருக்கக்கூடிய ஆண்டு 1669 என்பது என் எண்ணம்.

தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு கோட்டை கட்டியவர்கள் விரைவிலேயே நொடித்துப்போனார்கள். ஐரோப்பாவில் போர், 1650இல் வணிகக் கம்பெனியே கலைக்கப்பட்டது, கால் நூற்றாண்டுக்கும் மேலாக டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருந்தவர்கள் செத்தும் விலகியும் போக, 1655 அளவில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனியர் மிஞ்சினார். பிரபு குலத்தவர் அல்லர், சாதாரண ஆள். குத்தகைப் பாக்கிக்காக நாயக்கரின் படை வந்து முற்றுகையிட்டபோதெல்லாம் அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டே தாக்குப்பிடித்தார். வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்து (கொள்ளை என்றே சொல்லலாம்) அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். பிறகு நாயக்கரோடு சமாதானமும் பேசி முடித்தார். பதினான்கு ஆண்டுகள் இப்படிக் கழிந்த பிறகே, 1669இல் 'ஃபேரோ' என்ற கப்பல் அவருக்கு முறையான பதவி ஆணையைக் கொண்டுவந்தது.

அந்தக் கப்பல் வராமலே போயிருந்தால், அல்லது அவர் மனம் தளர்ந்து 1658இலேயே நாகப்பட்டினத்தைப் பிடித்துவிட்ட டச்சுக்காரரிடம் சாவியைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவ்வளவு பக்கத்தில் இரண்டு கோட்டைகளுக்குக் காவற்செலவு செய்ய அந்த வணிகர்களுக்கு மனம் வந்திராது. செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள். நாயக்கர் கைக்கே போயிருந்தாலும் நெடுநாள் நிலைத்திராது. 1673இல் தஞ்சை நாயக்கர் ஆட்சியே முடிந்து, சிறிது காலத்தில் மராட்டிய ஏகோஜி வந்துவிட்டார். கோட்டை ஒரு சுங்கச்சாவடியாகச் சுருங்கி, கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைத் தின்ற கடல்தானே!

அப்போது, பின்னாளில் இங்கே தமிழ் அச்சகம் நிறுவிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்திறங்க ஒரு டேனிஷ் ஊர் இருந்திராது. அதனால் தமிழ் அச்சே இல்லாமல் போயிருக்கும் என்று சிலர் சொல்வது மிகை. 1578இலேயே கொல்லத்தில் தமிழ்நூல் அச்சாகிவிட்டது. டச்சுக்காரர் 1737இல் கொழும்பில் அச்சகம் நிறுவினார்கள். அச்சு ஒரு தலைமுறை பிந்தி, கொழும்பு வழியாக நமக்கு வந்திருக்கலாம். யாழ்ப்பாணத்து நடையே அச்சுத் தமிழின் நடையாகவும் அமைந்திருக்கலாம். ஆனால் சீகன்பால்கின் சபையார் காகிதம் செய்த இடமான கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் நமக்குக் கிடைத்திராது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயரும் இல்லை. அவர் வளர்த்துப் படிப்பித்த சரபோஜி மன்னர், அந்தப் படிப்பு இல்லாமல், சரஸ்வதி மகாலை இன்றைய நிலைக்குப் பெருக்கியிருப்பாரா என்பதை என்னால் ஊகிக்க முடியவில்லை. ஊர்கூடத் தன் பழைய கல்வெட்டுப் பெயரான சடங்கன்பாடியையே வைத்துக்கொண்டு, ஒரு மீனவக் குப்பமாக, ஒருவேளை நிம்மதியாகவே இருந்திருக்கும்.

உன் நண்பரிடம் இதைச் சொல். கொங்ஸ்பாக்கேயின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கிறாரா என்றும் விசாரி.

இன்னொன்று. இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு அனுப்பிய தமிழ்ப் பொன்னோலை நீ இருக்கும் நகரத்து ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. அனுமதி கிடைத்தால் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வா. ஓலையில் எழுதுகிறவர்கள் கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். பொன்னுக்கு அந்தப் பயம் இல்லை. புள்ளி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா